விட்டலனைப் பாடி நடக்கிறவர்களோடு

ஆளந்தி

மகாராஷ்டிரத்தில் புணே பக்கத்து ஆளந்தி. இந்திராயணி ஆற்றுப் படித்துறையில் இன்று கால் வைக்க இடமில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைக் குல்லாய், கழுத்தில் துளசி மணி, நெற்றியில் கோபிசந்தனக் கோடு, அதன் நடுவே புக்கா என்கிற கறுப்புப் பொடி. பெண்கள் ஒன்பது கஜப் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தார். முதல் மழை விழுந்ததும் விதைத்துவிட்டு, காட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுக் கிளம்பி வந்தவர்கள். சயன ஏகாதசி அன்று விட்டலன் கோயில் கொண்ட பண்டரிபுரத்தில் இருக்க வேண்டும். அதுவரை நடை, ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

இவர்கள் தனியாகப் போவதில்லை, மராத்தி ஞானக்கவி ஞானேஸ்வரரை அழைத்துக்கொண்டு போகிறார்கள். 1296-ல், 21 வயதில், இங்கேதான் அவர் ஜீவசமாதி ஆனார். அவருடைய பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து விட்டலனிடம் கொண்டு போவதுதான் வாரி. நடப்பவர் வாரகரி. இங்கே யாரை யார் கூப்பிட்டாலும் 'மாவுலி' தான், தாயே என்று பொருள். ஞானேஸ்வரரின் செல்லப் பெயரான அது இப்போது போலீஸ்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் எனக்கும் சேர்த்தே வழங்குகிறது.

துறவு பூண்ட பிறகு இல்லறத்துக்குத் திரும்பியவர் அவருடைய அப்பா. அந்தக் குற்றத்துக்காக நான்கு பிள்ளைகளையும் ஊர் தள்ளி வைத்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் 1290-ல் கீதையை எடுத்து, ஏறத்தாழ 9000 ஓவிச் செய்யுள்களில், உழுகிறவருக்கும் புரிகிற மராத்தியில் விரித்துச் சொன்னார். அதுதான் ஞானேஸ்வரி. இத்தனை பேர் இன்று ஆற்றங்கரையில் நிற்பதற்கு விதை அங்கே விழுந்தது.

பல்லக்கு சாயங்காலம் கிளம்பியது. சமாதிக் கோயிலின் கலசம் அசைந்தால்தான் மாவுலி விடை கொடுத்ததாக அர்த்தம் என்பது நம்பிக்கை. எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஹல்லா, ஹல்லா' என்று ஒரு பக்கமிருந்து குரல் எழுந்ததும் ஜால்ராக்கள் ஒரே நேரத்தில் இறங்கின. முதல் இரவு ஊரைத் தாண்டவில்லை. ஞானேஸ்வரரின் தாய்வழிப் பாட்டன் வீடு என்று கருதப்படும் இடத்தில் பல்லக்கு தங்குகிறது. ஊர் விட்டுப் போகிற பிள்ளை முதலில் தாத்தா வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போகட்டுமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

புணே

நகரம் முழுக்க வாரிக்காக ஒதுங்கி நிற்கிறது. தேஹூவிலிருந்து இன்னொரு பெரிய பக்திக்கவி துக்காராமின் பல்லக்கும் இன்றுதான் வந்தது. இரண்டும் பெர்குசன் கல்லூரிச் சாலை வழியே அடுத்தடுத்து வந்தன. துக்காராமின் மகன் நாராயண் மகராஜ் 1685-ல் தொடங்கிய பல்லக்கு வழக்கம் இது. ஞானேஸ்வரருக்குத் தனிப் பல்லக்கை 19-ஆம் நூற்றாண்டில் ஹைபத்ராவ் பாபா ஏற்பாடு செய்தார். திண்டி என்கிற குழுக்கள், அவற்றுக்கு எண், பல்லக்கை ஏற்றிச் செல்லும் ரதத்துக்கு முன்னால் எது, பின்னால் எது என்கிற ஒழுங்கு எல்லாம் அவர் போட்ட அடித்தளம்.

பவானி பேட்டில் பல்லக்கு தங்குகிற விட்டல் கோயிலைச் சுற்றி நடந்தேன். செருப்புத் தைப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்து வாரகரிகளின் செருப்பைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுக்கிறார்கள். முடி திருத்துபவர்களும் அப்படியே. ஒரு பள்ளிக்கூட வாசலில் கல்லூரிப் பையன்கள் தரையில் அமர்ந்து கிழவர்களின் பாதங்களை எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டார்கள். யாரும் யாரையும் பேர் கேட்கவில்லை.

ராத்திரி ஒரு கீர்த்தனத்தில் உட்கார்ந்தேன். கீர்த்தனகாரர் நின்றபடி அபங்கம் என்கிற மராத்தி பக்திப் பாட்டு ஒன்றை எடுத்து, விளக்கி, கதை சொல்லி, பாடி, பின்னால் நிற்கிற வரிசையை ஆட வைத்து, மறுபடி அதே அடிக்கு வந்தார். நமக்கு இது புதிதில்லை. தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டார்கள். அவர்களோடு வந்த கீர்த்தன முறையை உள்வாங்கித்தான் 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் ஹரிகதையை அமைத்தார். பஜனை மடங்களில் தமிழ்க் குரல்கள் அபங்கம் பாடுவது அந்தத் தொடர்ச்சிதான். இன்னொரு வழி கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரளி வரிசையை வகுத்தவராக நாம் போற்றும் புரந்தரதாசரின் முத்திரை 'புரந்தர விட்டல'. மயிலாப்பூரில் பாட்டு கற்கப் போகிற குழந்தை இந்தப் பண்டரிபுரத்துக்காரனின் அடியவர் போட்ட பாதையில்தான் முதல் அடி வைக்கிறது.

சாஸ்வட்

புணேயில் இரண்டு பல்லக்குகளும் பிரிந்தன. துக்காராம் பாராமதி வழி போகிறார், ஞானேஸ்வரர் திவே மலைப்பாதை ஏறி இங்கே வருகிறார். இன்றைய நடை நீளம், வெயிலும் சேர்ந்துகொண்டது. ஏற்றத்தில் ரதத்தை இழுக்கக் கூடுதல் மாட்டு ஜோடிகளைப் பூட்டினார்கள்.

ஒரு திண்டியோடு சேர்ந்து நடக்க இடம் கிடைத்தது. முன்னால் கொடிக்காரர்கள், பிறகு ஜால்ராக்காரர்கள் இரண்டு வரிசையாக, நடுவில் மிருதங்கம், அதற்கும் பின்னால் வீணைக்காரர், கடைசியில் துளசிமாடமும் தண்ணீர்க் குடமும் தலையில் ஏந்திய பெண்கள். வீணை என்றால் நம் சரஸ்வதி வீணை இல்லை. தம்புரா மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்கிற வாத்தியம். அதைத் தரையில் வைக்கவே கூடாது.

கைமாற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீணையோடு நடந்துகொண்டிருந்தவர் எழுபது வயதுக்காரர். தண்ணீர் குடிக்க வேண்டும்போல. இருபது வயதுப் பையன் ஒருவன் வந்து முதலில் வீணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம் அவர் காலைத் தொட்டான். பெரியவர் வாரைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினார். மாட்டிய கணமே குனிந்து அந்தப் பையனின் காலைத் தொட்டார். தந்தி ஒலி ஓர் இடத்திலும் அறுபடவில்லை. எந்தச் சாதி, என்ன வயது என்று பார்க்காமல் ஒருவர் காலில் ஒருவர் விழுவது இந்தச் சாலையில் நாள் முழுக்க நடக்கிறது. ஆனாலும் பெரியவர் அவ்வளவு இயல்பாகக் குனிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

துளசி சுமந்து வந்த அம்மா ஒருவர் பீட் மாவட்டத்துக்காரர். என் அரைகுறை இந்தியில் பேசினோம். ஜனாபாய் பாட்டு என்று சொல்லிப் பாடிக் காட்டினார். பக்திக்கவி நாமதேவர் வீட்டு வேலைக்காரியாக இருந்த ஜனாபாய், விட்டலன் தன்னோடு உட்கார்ந்து மாவு திரிக்கிறான், சாணி பொறுக்குகிறான், தலை வாரிவிடுகிறான் என்றெல்லாம் பாடினார். 'மாவு மில் வந்த பிறகும் இந்தப் பாட்டு போகவில்லை. வேலை எதுவானாலும் கூடவே வந்துவிடும்' என்றார் அந்த அம்மா. அவர் மும்பையில் வீட்டு வேலை செய்கிறாராம். வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பு, அதையும் இதற்கே வைத்துக்கொள்கிறார்.

ஜேஜுரி

குறைந்த தூரம். ஜேஜுரி கண்டோபாவின் ஊர். கண்டோபா சிவ வடிவம், மஞ்சள் பொடிதான் பிரசாதம். பல்லக்கு ஊருக்குள் நுழைந்ததும் மஞ்சளை வாரி இறைத்தார்கள். வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் மஞ்சள். சைவ வைணவப் பேச்சையே எடுக்கிறவர் இல்லை. விட்டலன் தலையில் சிவலிங்கத்தைத் தாங்கி நிற்கிறான் என்பது வாரகரிகளின் நம்பிக்கை, அதோடு முடிந்தது.

லோணந்த்

வழியில் நீரா ஆற்றில் மாவுலியின் பாதுகைகளுக்கு நீராட்டு. ஆற்றைத் தாண்டினால் சாதாரா மாவட்டம். பகல் முழுக்க மழை. பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு, ஜால்ராவை நிறுத்தாமல் நடந்தார்கள்.

முகாமில் சாயங்காலம் நடந்த சமாஜ ஆரத்தியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அத்தனை திண்டிகளும் பல்லக்கைச் சுற்றி நின்று முழங்குகின்றன. சோப்தார் என்கிற கட்டியக்காரர் வெள்ளித் தடியை உயர்த்துகிறார். சட்டென்று அமைதி. ஒரு திண்டி மட்டும் ஜால்ராவை நிறுத்தவில்லை என்றால், அவர்களுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். சோப்தார் அவர்களிடம் போக வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகுதான் அவர்கள் நிறுத்துவார்கள், பிறகுதான் ஆரத்தி. இன்று ஒரு திண்டி அப்படி அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் லாரி விஷயம் என்றார்கள். லட்சக்கணக்கானோர் காத்து நிற்க, கேட்டு முடித்த பிறகே ஆரத்தி தொடங்கியது. தொலைந்த பை, கண்டெடுத்த கைபேசி அறிவிப்புகளும் அதே சபையில்தான். சாமிக்கு முன்னால் குறை சொல்வது எங்கும் உண்டு. சாமியையே காக்க வைத்துக் குறை கேட்கிற ஏற்பாட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

ராத்திரிச் சாப்பாடு ஜோள ரொட்டி, கடலைமாவுப் பிட்லா, இடித்த பச்சை மிளகாய்த் தேச்சா. காரம் உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கினேன்.

பல்டண்

இன்று நடை பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு கூடாரத்தில் ஓய்வெடுத்துக்கொண்டே ஆசிரியர் ஒருவரோடு நீண்ட பேச்சு.

மானுடவியலாளர் இராவதி கர்வே போன நூற்றாண்டின் நடுவில் இந்த வழியில் நடந்தவர். பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற மக்களின் நாடே மகாராஷ்டிரம் என்று தனக்கு விளங்கியதாக எழுதியவரும் அவர்தான். ஒரே திண்டிக்குள் பிராமணப் பெண்களும் மராட்டாப் பெண்களும் தனித்தனியாகச் சமைத்துத் தனித்தனியாக உண்டதை வருத்தத்தோடு குறித்தவரும் அவரே. இப்போது எப்படி என்று ஆசிரியரிடம் கேட்டேன். திண்டிகள் ஊர் வாரியாக அமைவதால் சாதியும் பல இடங்களில் கூடவே வருகிறது என்றார் நேராக. ஜால்ரா தட்டும்போது ஒன்று, ஊருக்குத் திரும்பினால் வேறு, அது போக வேண்டும் என்றுதான் நடக்கிறோம் என்றார். காலில் விழுகிற காட்சியைப் பார்த்துவிட்டு எல்லாம் சமம் ஆகிவிட்டது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நானும் எழுதவில்லை. ஆனால் அந்தச் சமத்துவத்தைக் கேட்டுப் பாடியவர்களின் பாட்டைத்தான் இந்த மாநிலம் எழுநூறு வருஷமாக வாயில் வைத்திருக்கிறது. அது சிறிய விஷயமில்லை.

பாடியவர்களின் பட்டியலைப் பாருங்கள். நாமதேவர் தையற்காரர். கோரா குயவர். சாவ்தா தோட்டக்காரர், வெங்காயமும் முள்ளங்கியும் கீரையும் தனக்கு விட்டலத்தாய் என்று பாடியவர். நர்ஹரி பொற்கொல்லர். சேனா நாவிதர். சோகாமேளா, தீண்டாமைக்கு ஆளான மகார் சாதிக்காரர். கான்ஹோபாத்ரா கணிகையின் மகள். ஒவ்வொருவரும் தன் தொழிலின் சொற்களிலேயே பாடியதால் மராத்திக்கு ஒரு பெரிய கவிமொழி கிடைத்தது. நாமதேவர் பஞ்சாப் வரைக்கும் போனவர். அவருடைய 61 பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிப்பில் இருக்கின்றன.

சதாசிவநகர்

இன்று ரிங்கண். பெரிய மைதானத்தில் வட்டமாகப் பாதை விட்டு, உள்ளே பல்லக்கு, அதைச் சுற்றிக் கொடிகள், ஜால்ராக்காரர்கள், துளசிப் பெண்கள். வெளியே கூட்டம். ஆளந்தியிலிருந்தே கூட வருகிற இரண்டு குதிரைகளில் ஒன்றின் மேல் கொடியோடு வீரர் இருக்கிறார். மற்றொன்றின் முதுகு வெறுமை. அது மாவுலியின் குதிரை, அதில் அமர்ந்திருப்பவர் ஞானேஸ்வரர்.

கொடிக்காரர்கள் ஓடினார்கள், துளசி ஏந்திய பெண்கள் ஓடினார்கள், வீணைக்காரர்கள் ஓடினார்கள். பீட் மாவட்டத்து அம்மாவும் ஓடினார், ஒரு கையால் துளசியைப் பிடித்தபடி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. அப்புறம் குதிரைகள். வெறும் முதுகுக் குதிரை முந்தியபோது எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் பாதைக்குள் பாய்ந்து குளம்புத் தடத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள். பிறகு விளையாட்டு. தாத்தாக்கள் கைகோத்துச் சுற்றும் புக்டி, ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவது, ஜால்ராவோடு குதித்து ஆடும் உடி. பேரன் பேத்தி எடுத்தவர்கள் இப்படி மண்ணில் புரண்டு விளையாட, ஒரு தெய்வத்தின் பேரில் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள்!

வாக்ரி

மால்சிரஸ், வேளாபூர் பகுதியை வேகமாகக் கடந்தோம். பண்டரிபுரத்துக்கு முந்தைய கடைசி நிறுத்தம் இது. திரியம்பகேஸ்வரிலிருந்து அண்ணன் நிவ்ருத்திநாதர், சாஸ்வடிலிருந்து தம்பி சோபான், வடக்கே ஜள்காவ் பக்கத்திலிருந்து தங்கை முக்தாபாய், பைடணிலிருந்து ஏக்நாதர், தேஹூவிலிருந்து துக்காராம் என எல்லாப் பல்லக்குகளும் இங்கே கூடுகின்றன. ஊர் தள்ளி வைத்த அந்த நான்கு பிள்ளைகளும் ஒரே இடத்தில் சேர்கிற நாள்.

பண்டரிபுரம், தசமி

சந்திரபாகா. பீமா ஆறு இங்கே பிறை போல வளைவதால் அந்தப் பெயர். ஆற்று மணலில் புண்டலீகன் கோயில். பெற்றோருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தவன், வாசலில் வந்து நின்ற கடவுளிடம் ஒரு செங்கல்லைத் தள்ளி, இதில் நில், வருகிறேன் என்றானாம். இடுப்பில் கை வைத்தபடி விட்டலன் இன்னும் காத்து நிற்கிறான்.

கோயிலின் முன்வாசல் முதற்படி நாமதேவர் படி. எல்லோர் காலடியும் தன்மேல் பட வேண்டும் என்று அவர் கேட்ட இடம். மிதிக்க மனமில்லாமல் தொட்டு வணங்கிவிட்டுத் தாண்டுகிறார்கள். அதற்கு எதிரே, வாசலுக்கு வெளியே, சோகாமேளாவின் சமாதி. கரும்பு கோணல், சாறு கோணலில்லை என்று பாடியவர். உள்ளே விடவில்லை. மங்கள்வேடாவில் மதில் வேலை செய்தபோது சுவர் இடிந்து இறந்தார். எலும்புகளில் விட்டல நாமம் கேட்டு அடையாளம் கண்டு, நாமதேவர் எடுத்து வந்து இங்கே வைத்ததாகச் சொல்கிறார்கள். அவருடைய மக்களுக்கு அதற்குப் பிறகும் அறுநூறு வருஷம் கதவு திறக்கவில்லை. 1947 மே மாதம் காந்தியவாதியும் எழுத்தாளருமான சானே குருஜி இங்கே உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் திறந்தது. அவருடைய இயற்பெயர் பாண்டுரங்க சதாசிவ சானே. மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-ல். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு கோயில்களும் ஒரே வெட்கத்தைக் கடந்திருக்கின்றன.

அம்பேத்கர் 1920-ல் தொடங்கிய 'மூக்நாயக்' இதழின் முகப்பில் துக்காராமின் அபங்கத்தைப் பொறித்தார். 1948-ல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலை மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாசர், சோகாமேளா. சிதம்பரத்து வாசலில் நின்றவரையும் இந்த வாசலில் நின்றவரையும் அவர்தான் ஒரே பக்கத்தில் சேர்த்தார். சமாதிக் கல்லைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னாலிருந்தவர்கள் தள்ளவில்லை.

ஏகாதசி

விடியுமுன் முதலமைச்சர் மகாபூஜை. வரிசையில் நின்ற சாதாரண வாரகரித் தம்பதி ஒன்றைத் தேர்ந்து அவரோடு உட்கார வைக்கிறார்கள். தரிசன வரிசை ஊரைத் தாண்டிப் போகிறது. ஏராளமானோர் அதில் நிற்பதே இல்லை. ஆற்றில் முழுகி, கோயில் கலசத்தைக் கண்ணால் பார்த்துக் கும்பிட்டு, பொரியும் பத்தாசும் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று வாரம் நடந்து வந்துவிட்டு உள்ளே போகவில்லையா என்று பீட் அம்மாவைக் கேட்டேன். 'இத்தனை நாள் கூடத்தானே நடந்தான்' என்றார். ஜவ்வரிசிக் கிச்சடியில் பாதியை என் தட்டில் தள்ளினார்.

நான் வரிசையில் நின்றேன். மறுநாள்தான் முறை வந்தது. இங்கே யார் வேண்டுமானாலும் மூலவரின் பாதத்தில் தலை வைக்கலாம். தலைமுறை தலைமுறையாகத் தலைகள் பட்டுத் தேய்ந்த பாதத்துக்கு வஜ்ரலேபம் பூசிக் காக்கிறார்கள். பரம்பரைப் பூசாரி உரிமையையும் 2014-ல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. நெற்றியில் பட்ட கல் குளிர்ந்திருந்தது. ஒரு நொடி, அவ்வளவுதான்.

கோபாள்பூர்

ஊருக்கு வெளியே சிறிய கோயில். ஜனாபாய் திரித்தது என்று ஒரு திருகைக்கல்லைக் காட்டுகிறார்கள். பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு அடி பாடிவிட்டு எழுந்தார்கள். பௌர்ணமியன்று இங்கே காலா உற்சவம். தயிரும் பொரியும் பிசைந்து எல்லோருக்கும் ஊட்டி முடித்த பிறகு பல்லக்குகள் திரும்பி நடக்கும்.

வர நினைப்பவர்களுக்கு: சென்னை – மும்பை தடத்தில் சோலாப்பூரிலோ குர்டுவாடியிலோ இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து பஸ் கிடைக்கும். முழுவதும் நடக்க முடியாதவர்கள் புணேயிலிருந்து சாஸ்வட் வரையாவது நடக்கலாம். கூட்டம் வேண்டாம் என்றால் ஏகாதசி இல்லாத நாளாகப் பாருங்கள். எப்போது வந்தாலும் உள்ளே போகுமுன் முன்வாசலில் சோகாமேளாவிடம் நின்றுவிட்டுப் போங்கள். நான் நாளை மங்கள்வேடாவுக்கு பஸ் ஏறுகிறேன், அவர் சுவர் கட்டிய ஊரைப் பார்க்க.